ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரை வைத்து மேகத்தின் உயரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அது எந்த வெப்பநிலைக்கு வந்ததும் வேர்க்கத் தொடங்குகிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணையும் வெளியே காற்றின் வெப்பநிலையையும் வைத்து ஒரு கழித்தல், ஒரு பெருக்கல் போட்டால், தலைக்கு மேல் போகிற வெள்ளை மேகத்தின் அடிப்பக்கம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கோணம் எதையும் அளக்க வேண்டியதில்லை. எந்த வகை மேகம் என்று பார்த்துக்கொள்ள ஒரு முறை அண்ணாந்தால் போதும், மீதி எல்லாம் கையில் இருக்கிற டம்ளரிலேயே நடக்கும்.

எனக்கு இந்தச் சோதனை இவ்வளவு பிடிப்பதற்குக் காரணம், மேகத்தின் அடியில் நடப்பதும் டம்ளரின் மேல் நடப்பதும் ஒரே விஷயம் என்பதுதான். ஏதோ ஒப்புமைக்காகச் சொல்லவில்லை. அதே காற்று, அதே ஈரம், அதே குளிர்தல். எப்படி என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன், முதலில் செய்து பார்த்துவிடுவோம்.

என்னென்ன வேண்டும்

மெல்லிய உலோக டம்ளர் ஒன்று. ஸ்டீல் ஆனாலும் அலுமினியம் ஆனாலும் சரி, வெளிப்பக்கம் பளபளவென்று இருக்க வேண்டும், முகம் தெரிகிற அளவுக்கு இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடி, பீங்கான், பிளாஸ்டிக் எல்லாம் இதற்கு ஒத்துவராது. அவை வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் உள்ளே தண்ணீர் ஒரு வெப்பநிலையிலும் வெளிச்சுவர் வேறொரு வெப்பநிலையிலும் இருக்கும். நீங்கள் அளப்பது தண்ணீரை, வேர்ப்பது சுவர். இரட்டைச் சுவர் கொண்ட டம்ளர்கள் வேர்க்கவே கூடாது என்றுதான் செய்யப்படுகின்றன, அதை எடுக்காதீர்கள்.

அடுத்து ஒரு தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் உதவாது, அது உடல் வெப்பத்தை ஒட்டிய சில டிகிரிகளை மட்டும்தான் காட்டும். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் நீளமான கண்ணாடித் தெர்மாமீட்டரோ, முனையில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் டிஜிட்டல் சமையல் தெர்மாமீட்டரோ போதும். ஒன்றே ஒன்று போதும் என்பது மட்டுமல்ல, ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும். உங்கள் தெர்மாமீட்டர் எப்போதும் ஒரு டிகிரி கூட்டிக் காட்டுகிறது என்று வையுங்கள். காற்றை அளக்கும்போதும் ஒரு டிகிரி கூடும், தண்ணீரை அளக்கும்போதும் ஒரு டிகிரி கூடும், கழிக்கும்போது அந்தப் பிழை ஓடிவிடும். இரண்டு வெவ்வேறு தெர்மாமீட்டர்களை எடுத்தால் இந்த வசதி போய்விடும்.

இவை தவிரக் கொஞ்சம் ஐஸ், பொடியாக உடைத்தது, அப்புறம் கலக்க ஒரு கரண்டி, துடைக்க உலர்ந்த துணி.

செய்முறை

வீட்டுக்கு வெளியே செய்யுங்கள், நிழலில், காற்று ஓட்டம் இருக்கிற இடத்தில். நான் முதல் தடவை ஏசி ஓடிக்கொண்டிருந்த அறைக்குள் செய்துவிட்டு, வந்த எண் வானத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாமல் வெகுநேரம் குழம்பியிருக்கிறேன். ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு அதிலிருந்து ஈரத்தையும் எடுத்துவிடுகிறது, ஆகவே அந்த அறைக் காற்றுக்கும் மேகத்துக்கும் எந்த உறவும் கிடையாது. சமையலறையிலும் வேண்டாம், குளியலறைப் பக்கமும் வேண்டாம். மொட்டை மாடி என்றால் வெயிலில் கொதித்த தளத்துக்கு மேலே கொஞ்சம் உயர்த்தி, ஒரு ஸ்டூல் மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காற்றின் வெப்பநிலை. தெர்மாமீட்டரின் முனை உலர்ந்திருக்க வேண்டும், ஈரமாக இருந்தால் அது காயும்போது குளிர்ந்து காற்றைவிடக் குறைவாகக் காட்டும். அதனால்தான் தண்ணீரில் விடுவதற்கு முன்னாலேயே இதை முடித்துவிடச் சொல்கிறேன். நிழலில், நெஞ்சு உயரத்தில், சுவரை விட்டுத் தள்ளி, ஐந்து நிமிடமாவது விட்டு, எண் நிலைத்ததும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது டம்ளரின் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டுப் பாதிவரை சாதாரணத் தண்ணீர் ஊற்றுங்கள். நிரம்ப ஊற்ற வேண்டாம், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது: பனி படர்வது தண்ணீர் இருக்கிற உயரம்வரைதான், மேல் பாதி பளபளப்பாகவே இருக்கும், அப்போது மங்கலும் பளபளப்பும் பக்கத்தில் பக்கத்தில் தெரிவதால் மெல்லிய படலம்கூடக் கண்ணில் பட்டுவிடும். தெர்மாமீட்டரை உள்ளே விட்டு, ஐஸை ஒரு சிட்டிகை போல, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விடாமல் கலக்குங்கள். ஒரு துண்டு முழுதாகக் கரைந்த பிறகே அடுத்தது. முதலில் வேகமாகக் குளிரவிடலாம், ஆனால் காற்றைவிட நாலைந்து டிகிரி குறைந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள், நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. இந்த ஒரு இடத்தில்தான் பொறுமை வேண்டும். அவசரப்பட்டு ஒரு பிடி ஐஸைக் கொட்டினால், பனி படர்ந்ததை நீங்கள் கவனிக்கும்போது தண்ணீர் ஏற்கெனவே மூன்று டிகிரி கீழே போயிருக்கும்.

டம்ளரைக் கிட்டப் பார்க்கும்போது மூச்சை அதன் மேல் விடாதீர்கள். மூச்சில் இருக்கிற ஈரம் வெளிக்காற்றில் இருப்பதைவிட அதிகம், அதுவே போய்ப் படிந்து ஏமாற்றிவிடும். கையாலும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே பிடிக்க வேண்டாம். படர்ந்துவிட்டதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் உலர்ந்த விரலால் லேசாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், கோடு தெரிந்தால் படர்ந்துவிட்டது. பெரிய துளிகள் உருளும்வரை காத்திருந்தால் அது ரொம்பத் தாமதம். கண்ணாடியில் ஊதினால் வருமே அந்த மங்கல், அது தொடங்குகிற கணம்தான் நமக்கு வேண்டியது.

அந்தக் கணத்தில் தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் ஐஸை எடுத்துவிட்டு, கலக்கிக்கொண்டே இருங்கள். தண்ணீர் மெல்லச் சூடேறும், படலம் கலைந்து மறையும். அது மறைகிற வெப்பநிலையையும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய எண். படரும்போது நாம் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனிப்போம், ஆகவே எண் குறைவாக வரும், மறையும்போதும் அதேபோல் தாமதமாகக் கவனிப்பதால் எண் கூடுதலாக வரும், சராசரி எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆங்கிலேய வேதியியலாளர் ஜான் டேனியல் 1820-இல், பனி படரும் வெப்பநிலையை அளக்கச் செய்த கருவியிலும் இதே தந்திரம்தான், அவர் ஐஸுக்குப் பதில் ஈதர் என்ற, எளிதில் ஆவியாகும் திரவத்தை ஆவியாக்கிக் குளிரவைத்தார். அதற்கும் முன்னால் ஜான் டால்டன், அணுக் கொள்கையால் நமக்குத் தெரிந்த அதே டால்டன், குளிர்ந்த ஊற்றுத் தண்ணீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி ஏறக்குறைய இந்தச் சோதனையைத்தான் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்.

இப்படிக் கிடைத்த எண்ணுக்குப் பனிநிலை என்று பெயர். காற்றை எவ்வளவு குளிர்வித்தால் அதிலிருக்கும் நீராவி இனிமேல் தாங்காது என்று தண்ணீராக மாறத் தொடங்குமோ, அந்த வெப்பநிலை.

கணக்கு

காற்றின் வெப்பநிலையிலிருந்து பனிநிலையைக் கழித்து, 125-ஆல் பெருக்குங்கள். விடை மீட்டரில்.

காற்று 33 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். 23.5-இல் படலம் வந்தது, 24.5-இல் மறைந்தது, சராசரி 24. வித்தியாசம் 9. ஒன்பதை 125-ஆல் பெருக்கினால் 1125. மேகத்தின் அடிப்பக்கம் தரையிலிருந்து சுமார் 1100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இது நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து உயரம், கடல் மட்டத்திலிருந்து அல்ல. மலைப்பகுதியில் இருப்பவர்கள் கடல் மட்டக் கணக்கு வேண்டுமானால் தங்கள் ஊரின் உயரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கடைசி 25 மீட்டரை நான் ஏன் விட்டுவிட்டேன் என்றால், ஒரு டிகிரி தவறினாலே விடை 125 மீட்டர் மாறிவிடும். அரை டிகிரிவரை சரியாக அளந்துவிட்டீர்கள் என்றாலே அது நல்ல அளவீடு. ஆகவே நூறு மீட்டருக்கு முழுமையாக்கிச் சொல்வதுதான் நேர்மை.

அது என்ன 125?

வெயிலில் தரை சூடாகிறது, தரையை ஒட்டிய காற்றும் சூடாகி மேலே ஏறுகிறது. மேலே போகப் போகச் சுற்றியிருக்கும் அழுத்தம் குறைவதால் அந்தக் காற்று விரிகிறது, விரிவதற்கு அது சுற்றியுள்ள காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறது, அந்த வேலைக்கான ஆற்றல் அதன் சொந்த வெப்பத்திலிருந்தே போகிறது, ஆகவே அது குளிர்கிறது. வெளியிலிருந்து யாரும் அதைக் குளிர்விக்கவில்லை. சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்தால் வெளியே வருகிற காற்று சில்லென்று இருப்பதும், பம்ப் அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதும் இதே காரணத்தால்தான். இப்படி ஏறுகிற காற்று, மேகம் உண்டாகும்வரை, ஒரு கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிர்கிறது.

இங்கே நிறுத்திவிட்டால் கணக்கு சுலபம், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 102 மீட்டர் என்று போட்டுவிடலாம். பலர் அப்படித்தான் போடுகிறார்கள், அது தவறு. காற்று ஏறும்போது பனிநிலையும் சும்மா இருப்பதில்லை, அதுவும் இறங்குகிறது. காற்று விரிய விரிய அதிலுள்ள நீராவியும் விரிந்து அடர்த்தி குறைவதால், அதைத் தண்ணீராக்க இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. இந்த இறக்கம் கிலோமீட்டருக்குச் சுமார் 1.8 டிகிரி. ஒருவர் ஓடுகிறார், அவர் துரத்துகிறவரும் மெதுவாக முன்னால் நகர்ந்துகொண்டிருக்கிறார் என்பது போல. கிலோமீட்டருக்கு 9.8-இலிருந்து 1.8-ஐக் கழித்தால் 8, அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பநிலையும் பனிநிலையும் 8 டிகிரி நெருங்குகின்றன. ஆயிரம் மீட்டரை எட்டால் வகுத்தால் 125.

மேலே பார்த்த உதாரணத்திலேயே சரிபார்க்கலாம். 1125 மீட்டர் ஏறிய காற்று சுமார் 11 டிகிரி குளிர்ந்து 22-க்கு வந்திருக்கும். பனிநிலை இரண்டு டிகிரி இறங்கி அதுவும் 22. இரண்டும் தொட்டுக்கொள்கிற அந்த உயரத்தில் நீராவி துளியாகிறது, உங்கள் டம்ளரின் மேல் படர்ந்த அதே மங்கல் அங்கே மேகமாக இருக்கிறது. ஒட்டிக்கொள்ள டம்ளர் சுவர் இல்லாததால் காற்றில் மிதக்கும் தூசி, உப்புத் துகள்களின் மேல் படிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மேகங்களின் அடிப்பக்கம் அரிவாளால் சீவியது போல ஏன் தட்டையாக இருக்கிறது என்பதற்கும் இதுவே பதில். அந்த வட்டாரத்தில் ஏறுகிற காற்றெல்லாம் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையோடும் ஒரே ஈரத்தோடும் கிளம்புவதால், எல்லாம் ஒரே உயரத்தில்தான் மேகமாக மாற முடியும். வானம் முழுக்க நூறு மேகம் இருந்தாலும் அடிப்பக்கம் எல்லாம் ஒரே தளத்தில் அடுக்கி வைத்தது போல நிற்பதை ஒரு தடவை இந்த எண்ணத்தோடு பார்த்துவிட்டால், அப்புறம் பார்க்காமல் இருக்க முடியாது. ஏறுகிற காற்று விரிந்து குளிர்வதால்தான் மேகம் உண்டாகிறது என்பதை 1830-களிலேயே அழுத்தமாகச் சொல்லி, பனிநிலையிலிருந்து மேகத்தின் உயரத்தைக் கணக்கிட்டவர் அமெரிக்கரான ஜேம்ஸ் எஸ்பி.

எந்த மேகத்துக்கு இது பொருந்தும்

திரள் மேகத்துக்கு மட்டும். பஞ்சுப் பொதி போல, மேலே பொங்கி, கீழே தட்டையாக, வெயில் நாளில் தனித்தனியாக மிதக்கிறவை. அவை தரையிலிருந்து கிளம்பிய காற்றால் ஆனவை, ஆகவே தரையில் அளந்த எண் அவற்றைப் பற்றிப் பேசும்.

மெல்லிய நார் நாராக உயரத்தில் தெரிகிற கீற்று மேகம் உங்கள் தரைக் காற்றிலிருந்து வரவில்லை. அது பெரும்பாலும் 6 கிலோமீட்டருக்கு மேலே, பனிப் படிகங்களால் ஆனது. வானம் மப்பும் மந்தாரமுமாக ஒரே போர்வையாக மூடிக் கிடக்கிற நாளிலும் இதை நம்ப முடியாது, அந்தப் போர்வை வேறெங்கோ இருந்து வந்து உங்கள் தலைக்கு மேல் விரிந்திருக்கலாம். விடியற்காலையும் சரிப்படாது, தரைக் காற்று குளிர்ந்து கீழேயே தேங்கிக் கிடக்கும் நேரம் அது, மேலே உள்ளதோடு இன்னும் கலந்திருக்காது. வெயில் ஏறி, திரள் மேகங்கள் முளைக்கத் தொடங்கிய பிறகு, முற்பகல் பத்து, பதினொன்றிலிருந்து மாலை நான்கு மணிவரை நல்ல நேரம்.

ஒரு நாள் முழுக்கச் செய்து பாருங்கள்

ஒரு தடவை அளந்தால் ஓர் எண் கிடைக்கும். நாள் முழுக்க அளந்தால்தான் இந்தச் சோதனையின் முழு ருசி தெரியும். உதாரணத்துக்கு, பத்து மணிக்குக் காற்று 29, பனிநிலை 24.5 என்றால் மேகம் 560 மீட்டரில். பன்னிரண்டு மணிக்கு 31.5-உம் 24-உம் என்றால் 940. மூன்று மணிக்கு 33.5-உம் 23.5-உம் என்றால் 1250. வெயில் ஏற ஏறக் காற்றின் வெப்பநிலைதான் ஏறுகிறது, பனிநிலை பெரிதாக அசைவதில்லை, மேலேயுள்ள உலர்ந்த காற்று கலப்பதால் கொஞ்சம் இறங்கக்கூடச் செய்யும், ஆகவே இடைவெளி விரிந்து மேகத்தின் அடிப்பக்கம் மேலே மேலே போகிறது. காலையில் கைக்கு எட்டுவது போலத் தெரிந்த மேகம் பிற்பகலில் தள்ளிப் போனது போலத் தோன்றுவது வெறும் பிரமை இல்லை, அது நிஜமாகவே மேலே போயிருக்கிறது. கடற்கரைக்கு அருகில் இருந்தால் கடற்காற்று வந்ததும் அளந்து பாருங்கள், காற்று குளிர்ந்து ஈரம் கூடுவதால் கணக்கில் வரும் உயரம் சட்டென்று கீழே இறங்கும்.

சரியா என்று எப்படிச் சோதிப்பது

மேகம் மூடுகிற, உயரம் தெரிந்த மலை பக்கத்தில் இருந்தால் அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. ஆனால் மலைச்சரிவு காற்றை வலுக்கட்டாயமாக மேலே தள்ளும் என்பதால் அங்கே மேகம் கொஞ்சம் தாழ்வாகவே உருவாகலாம்.

மலை இல்லாதவர்களுக்கு விமான நிலையம் இருக்கிறது. விமான நிலையங்கள் வெளியிடும் மெட்டார் என்ற வானிலைக் குறிப்பு இணையத்தில் யாருக்கும் கிடைக்கும். அதில் 33/24 என்பது போல ஒரு சாய்கோட்டோடு இருப்பவை வெப்பநிலையும் பனிநிலையும், நீங்கள் டம்ளரில் அளந்த அதே இரண்டு எண்கள். மேகத்தைக் குறிக்கும் எழுத்துகளுக்குப் பின்னால் வருகிற மூன்று இலக்கத்தை நூறால் பெருக்கினால் மேகத்தின் உயரம் அடியில் கிடைக்கும். 036 என்றால் 3600 அடி, ஏறக்குறைய 1100 மீட்டர். பல விமான நிலையங்களில் இதை அளப்பது லேசர் கருவி, ஒளியை மேலே அனுப்பி அது மேகத்தில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது. 1125 மீட்டர் உயர மேகத்துக்குப் போய்வர ஒளிக்கு ஆகும் நேரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஏழரைப் பங்கு. அவ்வளவு நுட்பமான கருவி சொல்லும் எண்ணுக்குப் பக்கத்தில் டம்ளரும் ஐஸும் வந்து நிற்கும்போது மனசு நிறைந்துவிடும்.

ஈரப்பதமானி வீட்டில் இருந்தால் ஒரு குறுக்குவழி: ஒப்பு ஈரப்பதம் நூறுக்கு எவ்வளவு குறைகிறதோ அதை 25-ஆல் பெருக்குங்கள். 60 சதவீதம் என்றால் குறைவது 40, உயரம் 1000 மீட்டர். 50 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் இது சுமாராகச் சரியாக வரும், அதற்குக் கீழே போனால் பிழை கூடும். சீக்கிரம் ஒரு விடை வேண்டுமானால் சரி, ஆனால் டம்ளர் வேர்ப்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதற்கு இது ஈடாகாது என்பது என் எண்ணம்.

மிக உலர்ந்த நாளில் எவ்வளவு ஐஸ் போட்டாலும் டம்ளர் வேர்க்காது. நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை, பனிநிலை சுழியத்துக்குக் கீழே இருக்கிறது, வெறும் ஐஸ் தண்ணீரால் அவ்வளவு இறங்க முடியாது. ஐஸில் உப்பைக் கலந்தால் சுழியத்துக்கு வெகுவாகக் கீழே போகலாம், அப்போது வெளியே படர்வது தண்ணீராக இல்லாமல் உறைபனியாக இருக்கக்கூடும். காற்று 35 டிகிரி, 2 டிகிரிவரை இறங்கியும் வேர்க்கவில்லை என்றால், திரள் மேகம் உருவாக 4000 மீட்டருக்கு மேல் காற்று ஏற வேண்டும். அப்படிப்பட்ட நாளில் பெரும்பாலும் வானம் வெறுமையாக இருப்பதன் காரணம் அதிலேயே இருக்கிறது.

இதற்கு நேர்மாறான நாள் மழை விட்ட உடனே வரும். அப்போது ஒரு தடவை மறக்காமல் அளந்துவிடுங்கள். மழை காற்றைக் குளிர்வித்து ஈரமும் ஏற்றியிருக்கும், இரண்டு துண்டு ஐஸ் போடுவதற்குள் டம்ளர் மங்கிவிடும். காற்று 25, பனிநிலை 24 என்றால் விடை 125 மீட்டர்தான். மேலே இருக்கும் பெரிய மழை மேகம் அந்த உயரத்தில் இல்லை, இந்த எண் அதைப் பற்றியது அல்ல. அதற்கு வெகு கீழே, கிழித்துப் போட்ட துணி போலச் சாம்பல் நிறத்தில் துண்டு துண்டாக வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் சிறு மேகங்களைத் தேடுங்கள். மழை நனைத்த அந்தத் தாழ்வான காற்று லேசாக மேலே தள்ளப்பட்டாலே துளியாகிவிடும், அப்படி உருவானவை அவை. டம்ளர் சொன்னது அவற்றின் உயரத்தை.